காபிக்கொட்டை போட்ட மாத்திரை டப்பா

நசீமா,

நான் எழுதுகிறேன் என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பரோட்டா மாவு அடிக்கிற கை இது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும், வேறு யாரும் எழுத மாட்டார்கள். உன் ஊரில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. எப்போது திறக்க வேண்டுமோ அப்போது மட்டும் அது திறக்காது.

1

நசீமா என் மனைவி. ஏற்காடு டவுனில் மிளகும் காபித்தூளும் விற்கிற கடைக்காரரின் மகள். நான் வாழவந்தி. அங்கே எங்கள் அத்தாவுக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை. கல்யாணத்துக்குப் பிறகு நான் இந்த நாட்டுக்கு பரோட்டா மாஸ்டராக வந்தேன். முதலாளி நல்லவர், குடும்ப விசா எடுத்துக் கொடுத்தார், அவளும் வந்தாள். இது ஒரு துறைமுக நகரம். நாட்டின் பெயரை எழுத மாட்டேன். எழுதி ஏதாவது ஆனால் என் விசாவை நீங்கள் வந்து புதுப்பித்துத் தர மாட்டீர்கள்.

போன வருடம் ஒரு கப்பலில் நசீமா இறந்தாள். வருடம் திரும்பிய அன்று அவளுடைய அம்மா போன் செய்தார்கள்.

"மாப்ளே, ஊட்டுல யாசீன் ஓதறோமுங்க. அக்கம்பக்கத்துக்குச் சோறு ஆக்கறோம். நீங்க மனச உட்றாதீங்க."

"சரிங்க மாமி."

"இன்னொன்னுங்க. யாராச்சும் கேட்டா மாரடைப்புன்னே சொல்லுங்க. மாத்திக்கீத்திச் சொல்லிராதீங்க சாமி. ஹனாவும் பொட்டப்புள்ள. நாளைக்கு அவளயும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணுமல்ல?"

ஹனா எங்கள் மகள். அப்போது அவள் தரையில் படுத்துக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பால்பல்கூட விழவில்லை. அதற்குள் அவள் கல்யாணத்துக்குப் பொய் தயாராகிவிட்டது.

நான் போனை வைத்துவிட்டேன். மாமி பேசும்போது நான் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். விடிவதற்குள் மாவு பிசைந்து எண்ணெய் விட்டு ஊற வைப்பேன். பிறகு அறைக்கு வந்து ஹனாவை எழுப்பி, தலை பின்னி, ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றுவேன். பின்னல் எனக்கு வராது. பரோட்டாவைச் சுற்றுகிற மாதிரிதான் சுற்றி விடுகிறேன். "அத்தா, நோ!" என்று கத்துவாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் சமையல்கட்டு இங்கிலீஷ். ஹாட், கோல்டு, பார்சல், ஃபினிஷ்.

அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டு "மதர்?" என்றாள். நான் "மதர் ஃபினிஷ்" என்றேன். மட்டன் தீர்ந்தால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு இறப்புச் சான்றிதழ் கேட்டாள். அது வேறு அலுவலகத்தில், அங்கே கேட்டால் இன்னொரு அலுவலகத்தில் முத்திரை, அந்த முத்திரைக்குக் கல்யாணப் பதிவு, அது சேலத்தில். செத்தவளைச் செத்தவள் என்று நிரூபிக்க நான் அலைந்த அலைச்சல் இருக்கிறதே, உயிரோடு இருந்தபோது அவளுக்காக அதில் பாதிகூட அலைந்ததில்லை.

3

"பரோட்டா மாஸ்டருக்குக் கப்பல் கேக்குதா?" இது என் சித்தப்பா மகன் நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. மய்யித்தை அடக்கிக் கைமண் காயவில்லை. கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

கப்பலுக்கு நான் ஆசைப்படவில்லை. முதலாளியின் தம்பி சுற்றுலாக் கப்பலுக்கு டிக்கெட் ஆபீஸ் வைத்திருக்கிறார். சீசன் முடிகிற நேரம், அறைகள் காலியாகப் போகின்றன. "சும்மா போறதுக்கு உன் பெஞ்சாதி புள்ளையாவது பாக்கட்டும்" என்றார் முதலாளி. நசீமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏற்காடு ஏரியில் படகில் போனதற்குப் பிறகு தண்ணீர் மேல் போவது அதுதான்.

டிக்கெட் கொடுத்த பையன் தமிழ்ப் பையன். தெளிவாகத்தான் சொன்னான்.

"அண்ணே, யாராச்சும் மாத்திரை சாப்பிட்டா, கம்பெனி அட்டையோட, டாக்டர் சீட்டோட கைப்பையில வச்சுக்கங்க. துறைமுகத்துல எறங்கும்போது அந்த நாட்டுச் சட்டம் வேற. நம்ம கடையில சாதாரணமாக் கெடைக்கறது அங்க தடையா இருக்கும்."

வந்து நசீமாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தலவலி மாத்திரைக்கு எதுக்குங்க சீட்டு? உங்களுக்கு எல்லாத்துக்கும் பயந்தான்."

அந்த மாத்திரை எப்போதும் ஒரு சின்னத் தகர டப்பாவில் இருக்கும். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. வெள்ளை வெள்ளையாக உதிரி மாத்திரை, நடுவில் வறுத்த காபிக்கொட்டை கொஞ்சம். மலையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் மூடுபனி ஊட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாமே பூசணம் பிடித்து நாறும், காபிக்கொட்டை அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். அவர்கள் ஊட்டில் நகைப்பெட்டியில்கூட காபிக்கொட்டை போட்டு வைப்பார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் மாமி காபித்தூள் பார்சல் கொடுத்து விடுவார்கள், அதற்குள் இந்த டப்பாவும் இருக்கும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கல்யாணம் ஆனதிலிருந்து என் கண் முன்னால்தான் சாப்பிட்டாள். தலைவலி என்றாள், நான் நம்பினேன். தினமும் தலை வலிக்குமா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

4

முதல் துறைமுகத்தில் இறங்கினோம். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப வேண்டும். பையை எந்திரத்தில் போட்டோம், எந்திரம் நின்றது. ஒரு ஆபீசர் நசீமாவின் கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், முகர்ந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே பக்கத்து ஆளைக் கூப்பிட்டார். அவரும் முகர்ந்தார்.

போதை மருந்து கடத்துகிறவர்கள் நாய்க்கு வாசனை தெரியாமல் இருக்கக் காபியில் புதைத்துக் கொண்டுபோவார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் "ரெயின் சார், மவுண்டன் சார், பேட் ஸ்மெல் சார்" என்று கையை ஆட்டி மழையைக் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பூச்சியைப் பார்ப்பது மாதிரி. ஒரே வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவி ஒரு கூடை மருந்து வைத்திருந்தாள். எல்லாம் அட்டையோடு. "எஞ்சாய்" என்று சொல்லி அவளை அனுப்பினார்கள்.

நாய் வந்தது. என் இடுப்பில் இருந்த ஹனா பயப்படவில்லை. ஒரு பெண் ஆபீசர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கார்ட்டூன் பார்த்து இங்கிலீஷ் பிடித்துக்கொண்டவள் ஹனா, அதிலேயே நீளமாகப் பதில் சொன்னாள். எனக்குப் புரிந்தது "மம்மி", "டாடி" என்கிற வார்த்தைகள் மட்டும். நாயைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நசீமாவை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

என்னிடம் ஆண் ஆபீசர் கேட்டார், இது என்ன மாத்திரை. "ஹெட் பெயின் சார். ஒன்லி ஹெட் பெயின்." திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்.

நசீமா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ஊரு எது, பேரு எதுன்னாங்க."

"மாத்திரைக்கு என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தானுங்க நானும் சொன்னேன்."

அந்தப் பெண் ஆபீசர் என்னை நிறுத்தி, நசீமாவைக் காட்டி, மெதுவாக, காது கேட்காதவனிடம் பேசுவது போல, "ஷிப் டாக்டர். டுடே" என்றார். பாவம், நல்ல மனுஷிதான். ஆனால் டப்பாவைத் தரவில்லை. ஒரு நாளைக்காவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். சீட்டு இல்லை, அட்டை இல்லை, புருஷன் ஒன்று சொல்கிறான், அவர்கள் காதில் விழுந்தது வேறு. ஆபீசர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பொய்யன் என்று நினைத்துப் பார்த்த பார்வை அது. இப்போது புரிகிறது.

எங்களை ஊர் பார்க்க விடவில்லை. நேராகக் கப்பலுக்கே அனுப்பினார்கள்.

5

கப்பல் டாக்டரிடம் போனோம், போகாமல் இல்லை. நான்தான் முன்னால் நின்றேன், இங்கிலீஷ் தெரிந்தவன் இல்லையா? "ஹெட் பெயின் டேப்லெட். போலீஸ் டேக்." டாக்டர் என் தோளுக்கு மேலாக எட்டி நசீமாவைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினாள். தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

"பாத்தியா, வேல முடிஞ்சது" என்றேன், அறைக்குத் திரும்புகிற நடையில்.

"ஏனுங்க..." என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. புள்ளைக்குப் பசிக்குமாட்ட இருக்குது."

நசீமா, உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? அந்த நடையில் நீ சொல்லியிருக்கலாம். நான் உன்னை அடித்திருப்பேனா? ஊருக்கு அனுப்பியிருப்பேனா? அனுப்பிவிடுவேன் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்?

அடுத்த துறைமுகம் வருவதற்குள் ஒரு காலையில், நானும் ஹனாவும் சாப்பிடப் போனோம். அவளுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் குளியலறைக் கதவுக்கு அடியில் தண்ணீர் வருகிறது. கதவு உள்பக்கம் தாழ். ஊட்டில் அவள் குளியலறையைத் தாழிட்டதே இல்லை. "வெக்கமில்லாதவளே" என்று நான் கிண்டல் செய்வேன். கப்பலில் அறையைச் சுத்தம் செய்கிற ஆள் எந்த நேரத்திலும் வருவான், அதனால் தாழிட்டிருக்கிறாள். கதவைத் திறக்க ஆள் வந்து, திறந்து, அவளைத் தூக்கியபோது தலையில் அடி. உடம்பு குளிர்ந்திருந்தது.

டாக்டர் சமையல்கட்டில் வேலை செய்கிற ஒரு தமிழ் ஆளைக் கூப்பிட்டு என்னிடம் கேட்கச் சொன்னார்.

"வலிப்பு இருந்துச்சான்னு கேக்கறார், பாய்."

"வலிப்பா? யாருக்கு? வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் சட்டையைப் பிடித்தேன். முகம் தெரியாத அந்த அண்ணனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முதல் துறைமுகத்தில் மாத்திரையைச் சோதித்து அனுப்பிய முடிவு அடக்கம் முடிந்த பிறகு வந்தது. பீனோபார்பிட்டோன். வலிப்பு மாத்திரை. பல நாடுகளில் சீட்டில்லாமல் கொண்டுபோகக் கூடாது. இந்தப் பெயரைச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன், இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பி வருமாம், முன்பைவிட மோசமாக.

6

ஏற்காட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவர் சேலத்துக்காரர். போன் போட்டேன்.

"அய்யோ தம்பி, கேள்விப்பட்டனுங்க. தங்கமான புள்ளைங்க."

"அண்ணே, அவளுக்கு வலிப்பு இருந்துச்சா?"

"என்னங்க தம்பி இப்படிக் கேக்கறீங்க? சின்னப் புள்ளையில இருந்து நாந்தானுங்க மாத்திர குடுக்கறேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"சீட்டு?"

"நமக்குள்ள எதுக்குங்க சீட்டு? அம்மா வருவாங்க. அட்டையில இருந்து உரிச்சுக் குடுங்கம்பாங்க. நானே ஒக்காந்து உரிச்சுக் குடுத்துருக்கறனுங்க, நொம்ப நாளா."

"எனக்குத் தெரியும்னு நெனச்சவரு எதுக்குங்கண்ணே உரிச்சீங்க?"

பின்னால் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"லைன் சரியாக் கேக்கலீங்க தம்பி" என்று வைத்துவிட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது.

மாமியிடம் கேட்டேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே நின்னுபோச்சுங்க மாப்ளே, மாத்திர சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்றார்கள். நின்றுபோன நோய்க்கு ஏன் காபித்தூளுக்குள் வைத்து நாடு விட்டு நாடு மாத்திரை? அவளோடு படித்தவர்களுக்குத் தெரியும். வகுப்பில் விழுந்தபோது தூக்கிய வாத்தியாருக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்குத் தெரியும், எதிர் ஊட்டுக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் பிரியாணி தின்றுவிட்டு என் கையைப் பிடித்து "குடுத்து வச்சவன்டா நீ" என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். என் சொந்த அக்காவுக்குத் தெரியும்.

"நல்ல புள்ளைடா. அதான் சொல்லல" என்றாள் அக்கா. "சொல்லியிருந்தா கட்டியிருப்பியா நீயி?"

இந்தக் கேள்விக்கு ஊரில் எல்லோரும் ஒரு பதிலை எதிர்பார்க்கிறார்கள். கட்டியிருப்பேன் என்று நான் சொன்னால் அழகாக இருக்கும். எனக்குத் தெரியாது. கட்டியிருக்க மாட்டேனோ என்னவோ. ஆனால் அவள் இருந்திருப்பாள். ஏற்காட்டில் அவள் அத்தா கடையில் மிளகு புடைத்துக்கொண்டு, யாருக்கும் பெண்டாட்டியாக இல்லாமல், உயிரோடு இருந்திருப்பாள். அதைவிட என்னைக் கட்டிக்கொண்டதா பெரிய அந்தஸ்து?

கல்யாணமான புதிதில் கரடியூருக்கு வியூ பாயிண்ட் பார்க்கப் போனோம். நான் பாறை நுனியில் நின்று "வா வா" என்றேன். அவள் தூரத்திலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மலையில பொறந்தவளுக்கு மலையப் பாத்தா பயமா?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள். ஆமாம், எனக்குத் தெரியாது. அந்த ஒரு இடத்தில்தான் அவள் என்னிடம் உண்மை பேசினாள்.

7

மாமியின் போனை வைத்த அடுத்த நாள் பள்ளியில் கூப்பிட்டார்கள். டீச்சர் இங்கிலீஷ், அதனால் அங்கே தரை துடைக்கிற தமிழ் அக்காவைக் கூப்பிட்டு வைத்திருந்தார்.

"தம்பி, உங்க புள்ள வெளையாடையில பொம்மையப் படுக்க வச்சு ஆட்டுதாம். கேட்டா, அம்மாவுக்கு இப்படித்தான் ஒடம்பு ஆடும், அத்தாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கன்னு சொல்லுதாம். அடிக்கடி சொல்லுதுன்னு டீச்சர் வருத்தப்படறாங்க."

ஹனா இங்கிலீஷில் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னேன். டீச்சர் சொன்னார். மம்மி, டாடி. துறைமுகத்தில் நாய்க்கு முன்னால் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு ஹனா சொன்னது அதுதான். நாயைப் பற்றி என்று நினைத்து நான் சிரித்தேனே, அது. அத்தாவிடம்தானே சொல்லக் கூடாது? அதனால் அத்தாவுக்குப் புரியாத மொழியில் போலீஸிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஊர் முழுவதிலும், என் ஊர் முழுவதிலும், உண்மையைச் சொன்னது என் மகள் ஒருத்திதான்.

குடும்பத்தில் யாருக்காவது நோய் உண்டா என்று டீச்சர் கேட்டார். "வலிப்பு" என்றேன். அந்த அக்கா மொழிபெயர்க்கத் தயங்கினாள். "பொட்டப்புள்ளைங்க தம்பி, எழுதிருவாங்க..." என்று தமிழில் என்னிடம் முணுமுணுத்தாள். கடல் தாண்டியும் இது கூடவே வந்திருக்கிறது பாருங்கள். "எழுதட்டும் அக்கா, சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது ஹனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, ஆர் யூ ஆங்க்ரி?"

"இல்ல கண்ணு."

"சொல்லலாமா? அம்மா ஷேக் ஆவறது?"

"சொல்லலாம் சாமி. யார்கிட்ட வேணா சொல்லு. கத்திச் சொல்லு."

டாக்டரிடம் காட்டினேன். இப்போதைக்கு அவளுக்கு ஒன்றுமில்லை என்றார். வந்தால் வரட்டும். மாத்திரை அட்டையோடு இருக்கும், சீட்டு அவள் பையில் இருக்கும், நோயின் பெயர் அவள் வாயில் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும். என் மகள் இருப்பாள்.

8

மாமி, இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பீர்கள். கேளுங்கள். நீங்கள் மகளை இழந்தீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் பேத்திக்கு அந்த டப்பாவைக் கொடுக்க நான் விட மாட்டேன்.

ஏற்காட்டுக்காரர்களே, வாழவந்திக்காரர்களே, என் மேல் கோபம் வரும். வரட்டும். இதே குரூப்பில் திட்டுங்கள், சிரிக்கிற பொம்மை போடுங்கள். அதெல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒன்று செய்யுங்கள். நான் உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை, இனி கேட்கவும் மாட்டேன். அவள் கபர் இங்கே கடலோரத்தில், பெயர் படிக்கத் தெரியாதவர்கள் நடுவில் இருக்கிறது. நானும் ஹனாவும் தவிர யாரும் அங்கே வருவதில்லை. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்தே அவளுக்காகக் கேளுங்கள். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அங்கே கையேந்துங்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே கும்பிடுங்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றுங்கள். மருந்துக்கடை அண்ணே, நீங்களும்தான்.

மனசுக்குள் வேண்டாம். மனசுக்குள் வைத்துத்தான் அவளைக் கொன்றோம். வாயைத் திறந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி, வலிப்பில் செத்துப்போன எங்கள் நசீமாவுக்காக என்று சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் துஆச் செய்யுங்கள்.